கடவுள் பெயர் கொண்ட உப்பு

கருவாடு கறியுப்பில்தானே கெடாமல் இருக்கிறது, எகிப்தியர் மட்டும் பிணத்தைப் பதப்படுத்த ஏன் தனி உப்பைத் தேடிப் போனார்கள் என்று பள்ளி மாணவி ஒருவர் கேட்டிருந்தார்.

இறந்தவரின் ‘பா’ என்னும் உயிர்க்கூறு இரவில் உடலுக்குத் திரும்பும் என்று நைல் நதிக்கரை மக்கள் நம்பியதால், அந்த உடல் அழுகாமல் இருந்தாக வேண்டும். மூளையைக் கொக்கியால் மூக்கு வழியே எடுத்து எறிந்தனர். கல்லீரல், நுரையீரல், இரைப்பை, குடல் ஆகியவற்றைத் தனியே பதப்படுத்தினர். மறுமையில் உண்மைக்கும் நீதிக்கும் உரிய தெய்வமான மாஅத்தின் இறகுக்கு எதிராக நிறுக்கப்பட வேண்டிய இதயத்தை மட்டும் உள்ளேயே விட்டனர். இவை பலரும் அறிந்தவையே.

என்னை வியக்க வைப்பது அதற்குப் பிறகு உடலை மூடிய நேட்ரான்தான். கெய்ரோவுக்கு வடமேற்கே வாடி நேட்ரூன் ஏரிகள் வற்றும்போது கரையில் படியும் இந்த உப்பில் நம் வீட்டுச் சலவைச் சோடாவும் ஆப்பச் சோடாவும் கறியுப்போடு கலந்திருக்கின்றன. கறியுப்பு சவ்வூடு பரவலால் தசையின் நீரை வெளியே இழுக்கும். ஆனால் அந்த நீரைத் தன் படிகத்துக்குள் வாங்கிக்கொள்ளாது. நன்கு உலர்ந்த சோடியம் கார்பனேட்டோ (சலவைச் சோடா), ஓர் அலகுக்கு 10 நீர் மூலக்கூறுகள் வரை படிகத்துக்குள்ளேயே பூட்டிக்கொள்ளும். அதோடு அதன் காரத்தன்மையில் அழுகவைக்கும் பாக்டீரியாக்கள் பெருக முடிவதில்லை. கொழுப்பு சிதைந்து வெளிவரும் அமிலங்களும் அதனுடன் வினைபுரிந்து சோப்பாகிவிடுகின்றன. கறியுப்பால் கொழுப்பை இப்படி ஒன்றும் செய்ய முடியாது, நீண்ட நாள் வைத்த கருவாட்டில் ஏறும் காறல் வாடையே அதற்குச் சான்று.

பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியதைத் தவறாகப் புரிந்துகொண்டு, உடலை நேட்ரான் கரைசலில் ஊறவைத்தார்கள் என்றே அறிஞர்கள் பலர் நெடுங்காலம் கருதினர். 1994இல் எகிப்தியல் ஆய்வாளர் பாப் பிரையரும் உடற்கூறியல் வல்லுநர் ரொனால்டு வேடும் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில், தானமாகப் பெற்ற உடலொன்றை வாடி நேட்ரூனிலிருந்து கொண்டுவந்த உலர் நேட்ரானில் 35 நாட்கள் புதைத்துவைத்து, உலர் முறையே போதும் என்று காட்டினர். மம்மியின் சாபம் பற்றிய கதைகளுக்குக் கிடைக்கும் கவனத்தில் கால் பங்கு கூட இத்தகைய சோதனைகளுக்குக் கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

நேட்ரானுக்கு எகிப்தியர் வழங்கிய பெயர், கடவுளைக் குறிக்கும் ‘நெச்செர்’ என்னும் சொல்லோடு தொடர்புடையது. பள்ளியில் சோடியத்துக்கு நாம் எழுதும் Na என்ற குறியீடும் நேட்ரான் வழி வந்ததே. வேலை முடிந்ததும் ஈரமேறிய அந்த உப்பை அவர்கள் குப்பையில் கொட்டவில்லை. இறந்தவரின் உடல்நீர் அதற்குள் இருந்ததால் அதுவும் அவருடைய உடலின் ஒரு பகுதியே. 1907இல் மன்னர்களின் பள்ளத்தாக்கில் ஒரு சிறு குழியில் கிடைத்த பெரிய சாடிகளில், துத்தன்காமனைப் பதப்படுத்தியபோது மிஞ்சிய துணிகளோடு நேட்ரான் பைகளும் பத்திரமாக இருந்தன.