புல் ஒட்டிய இடத்தில் ஏன் இரும்பு ஓட்டையாகிறது?

அமெரிக்காவில் வட கரோலினாவில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் வீட்டுப் புல்தரை பெரியது. உட்கார்ந்து ஓட்டும் மோவர் (புல்வெட்டும் வண்டி) வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை வெட்டியதும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவித்தான் ஷெட்டில் விடுகிறேன். அப்படியும் அடித்தட்டில் ஓட்டை விழுந்துவிட்டது. தண்ணீரே காட்டாத பக்கத்து வீட்டுக்காரரின் வண்டி நன்றாக இருக்கிறது. இது எப்படி?”

நல்ல கேள்வி. ஓட்டை விழுந்த இடம், ‘டெக்’ எனப்படும் அடித்தட்டு. கவிழ்த்து வைத்த எஃகுத் தகடு அது. அதற்குள்ளேதான் கத்திகள் சுழல்கின்றன. அமெரிக்கத் தர விதிப்படி கத்தி நுனியின் வேகம் நிமிடத்துக்கு 19,000 அடி வரை போகலாம். மணிக்குக் கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர். அந்த வேகத்தில் தெறிக்கும் மணல் உள்பக்கப் பெயின்ட்டைச் சுரண்டிவிடும். பசும்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். நறுக்கிய புல் தன் சாற்றாலேயே தகட்டில் அப்பிக்கொள்கிறது. அந்தச் சாற்றில் பொட்டாசியம், குளோரைடு போன்ற உப்புகள் கரைந்திருப்பதால் மின்சாரம் கடத்தும்.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் வேண்டும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அப்படியானால் புல் மூடிய, காற்றுப் புகாத இடம் தப்பிக்க வேண்டும் அல்லவா? நடப்பது நேர் எதிர். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்ற வேதியியலாளர் 1920களில் ஒரு சின்னச் சோதனை செய்தார். சுத்தமான இரும்புத் தகட்டில் ஒரே ஒரு சொட்டு உப்புத் தண்ணீர். அதில் இரண்டு நிறங்காட்டிகள் கலந்திருக்கும்: பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, இரும்பு கரைந்தால் நீலமாகும்; பினாப்தலின், காரம் உண்டானால் இளஞ்சிவப்பாகும். கொஞ்ச நேரம் போனதும் சொட்டின் நடுவில் நீலம், ஓரத்தில் இளஞ்சிவப்பு வளையம். இரண்டுக்கும் நடுவே பழுப்புத் துரு படிகிறது.

சொட்டின் ஓரம் மெல்லியது; காற்றிலிருந்து ஆக்சிஜன் சுலபமாக வந்து சேரும். நடுப்பகுதி ஆழம், அங்கே இருந்த ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஓரத்து ஆக்சிஜனுக்கு எலக்ட்ரான்கள் வேண்டும். அவற்றை நடுவில் உள்ள இரும்பு கொடுக்கிறது. கொடுத்த இரும்பு அயனியாகிக் கரைகிறது. எலக்ட்ரான்கள் உலோகம் வழியே ஓரத்துக்கு ஓடுகின்றன, அயனிகள் தண்ணீர் வழியே நகர்கின்றன, மின்சுற்று முழுமையாகிவிடுகிறது. ஒரே உலோகம், ஒரே சொட்டு. ஆக்சிஜன் ஓரிடத்தில் அதிகம், இன்னோரிடத்தில் குறைவு. அந்த வித்தியாசம் மட்டுமே அதை ஒரு பேட்டரி ஆக்கிவிடுகிறது!

இப்போது சொட்டுக்குப் பதில் புல் கட்டியை வையுங்கள். காற்றுப்படும் விளிம்பில் ஆக்சிஜன் எலக்ட்ரான் வாங்குகிறது, கட்டிக்கு அடியில் இரும்பு கரைகிறது. கரைந்த இரும்பு அயனிகள் குளோரைடை உள்ளே இழுக்கும், தண்ணீரோடு வினைபுரிந்து அங்கே அமிலத்தைக் கூட்டும். அமிலம் கூடக் கூட இரும்பு இன்னும் வேகமாகக் கரையும். காய்ந்த புல்லை ஒரு மரச்சில்லால் பெயர்த்துப் பாருங்கள். சுற்றிலும் செந்துரு மெல்லிசாகப் படிந்திருக்க, கட்டிக்கு நேர் அடியில் கறுத்து ஈரமாக ஒரு குழி தெரியும்.

வாசகரின் கேள்விக்கு விடையும் இதிலேயே இருக்கிறது. மேலோட்டமாக அடித்த தண்ணீர் கட்டியை அகற்றவில்லை, காயவேண்டியதை ஊறவைத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் காய்ந்த புல்லை வெட்டுபவராக இருந்தால் அவர் தட்டில் மின்சுற்று முழுமையாகாமலே நின்றிருக்கும். பாதிச் சுத்தம்தான் தகட்டுக்குப் பெரிய ஆபத்து.

உலகம் முழுக்க அரிமானத்தால், அதாவது உலோகம் இப்படி அரிக்கப்படுவதால், ஆண்டுக்கு 2.5 லட்சம் கோடி டாலர் போகிறது, அதாவது உலக உற்பத்தியில் 3.4 சதவீதம் என்று அமெரிக்காவின் அரிமானப் பொறியாளர் அமைப்பான ‘நேஸ்’ 2016இல் கணக்கிட்டது. நம் காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்தத் துறையிலும் பல பத்தாண்டுகளாக உழைக்கிறது. ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைதட்டலில் கொஞ்சமாவது துருவை ஆராய்பவர்களுக்கும் கிடைக்க வேண்டும், நிதியும் சேர்ந்து கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, செய்ய வேண்டியது என்ன? பனி காய்ந்த பிறகு வெட்டுங்கள். முடித்ததும் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியால் புல்லை முழுசாக எடுங்கள். வண்டியைத் தூக்கினால் வெறும் ஜாக்கியை நம்பி அடியில் கை விடாதீர்கள். ஸ்டாண்டு வைத்தே ஆகவேண்டும். கழுவத்தான் வேண்டுமென்றால் டெக்கில் உள்ள ஹோஸ் துளையைப் பயன்படுத்தி, அப்புறம் கத்தியைச் சில நிமிடம் ஓடவிட்டு ஈரத்தை உதறுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம். கத்தித் தண்டின் பேரிங்கில் தண்ணீர் புகுந்து கிரீஸை வெளியேற்றிவிடும். எஞ்சினின் குளிர்விப்புத் துடுப்புகளில் அடைந்த தூசியை ஊதி எடுங்கள். எஞ்சின் ஆயில், பெட்ரோல், பேட்டரி எல்லாம் கையேட்டில் உள்ளபடி.

பழைய எஞ்சின் ஆயிலைத் தட்டில் பூசும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது அப்படியே மண்ணில்தான் சொட்டும், தயவுசெய்து விட்டுவிடுங்கள். குளிர்காலத்துக்கு வண்டியை நிறுத்துமுன் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் பெயின்ட் அடித்தால் போதும். பெயின்ட் போன இடத்தில்தான் இரும்புக்கும் தண்ணீருக்கும் தொடர்பு கிடைக்கிறது.