முப்பது வயதுக்காரருக்கு ஒன்பது வயதில் ஒரு சிநேகிதன்

"ஸ்கூல்ல அவனுக்கு ஒரு ஃப்ரெண்டு கூட இல்ல மேடம். ஆனா என் தம்பி வந்துட்டா போதும், ரெண்டு பேரும் உக்காந்து மணிக்கணக்கா பேசுறாங்க. இது நல்லதா கெட்டதான்னே எனக்குத் தெரியல."

குழந்தைகள் மனநல ஆலோசனையில் இருக்கிற எங்களுக்கு இது பழகிய பேச்சு. ஆள் மட்டும் மாறும். தம்பிக்குப் பதிலாகச் சித்தப்பா வருவார், மாடி வீட்டு அக்கா வருவார், அப்பாவின் பழைய நண்பர் வருவார். பொதுவாக அந்தப் பெரியவருக்கு வீட்டில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கும்: "வயசுதான் ஆச்சு, இன்னும் சின்னப் பிள்ளைதான்." ஒரு வேலையில் நிலைக்க மாட்டார். சொன்ன நேரத்துக்கு வர மாட்டார். கோபம் வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பிள்ளைக்கும் ஒரு பெயர் இருக்கும்: "யாரோடயும் ஒட்ட மாட்டான்."

இந்த இருவரும் ஒட்டிக்கொண்டால் குடும்பங்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன. சில வீடுகளில் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். சில வீடுகளில் பதறிப்போய் ஒரே நாளில் வெட்டிவிடுவார்கள். என் அனுபவத்தில் இரண்டுமே பிள்ளைக்கு உதவவில்லை. அந்தப் பெரியவர் எவ்வளவு குழந்தைத்தனமானவர் என்று அளப்பதில் எனக்கு அவ்வளவு அக்கறை கிடையாது. அந்த நட்பில் யார் யாரைத் தாங்குகிறார்கள் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

முதலில் பிள்ளை. வகுப்பில் ஒட்டாத பிள்ளைகள் எல்லோரும் ஒரே ரகம் இல்லை. 1982இல் கோய், டாட்ஜ், கொப்பொடெல்லி என்ற மூன்று ஆய்வாளர்கள், 'உனக்கு யாரை ரொம்பப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது' என்று பிள்ளைகளிடமே கேட்டு வகை பிரித்தார்கள். பலரும் வெறுத்து ஒதுக்கும் பிள்ளை ஒரு வகை. யாருமே பெயர் சொல்லாத, இருப்பதே தெரியாத பிள்ளை இன்னொரு வகை. எங்களிடம் வருபவர்களில் இரண்டு வகையும் உண்டு. இவர்களில் பலருக்குப் பெரியவர்களிடம் பேச்சு சரளமாக வரும். காரணம் எளிது. பெரியவர் காத்திருப்பார், விட்ட இடத்தை அவரே நிரப்பிக்கொள்வார், விளையாட்டு விதியைப் பற்றி நான்காவது முறை சண்டை போட்டாலும் பொறுத்துக்கொள்வார். ஒன்பது வயதுப் பிள்ளைகள் அப்படிப் பொறுக்க மாட்டார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம். ஆனால் ஒட்டாமைக்குக் காரணம் அந்தப் பிள்ளையிடம் மட்டுமே இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. ஆட்டிசம் பற்றி ஆராயும் டேமியன் மில்டன் 2012இல் எழுதியதைப் போல, புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர்களைப் புரியாதது போலவே மற்றவர்களுக்கும் அவரைப் புரிவதில்லை.

அடுத்து பெரியவர். 'முதிர்ச்சி இல்லை' என்ற ஒரே முத்திரைக்குக் கீழே பல விஷயங்கள் மறைந்திருக்கும். சிலருக்குக் கண்டறியப்படாத கவனக்குறைவு–மிகை இயக்கக் குறைபாடு, அதாவது ஏடிஹெச்டி. சிலருக்கு நீண்ட நாள் மனச்சோர்வு. சிலர், தன் வயதுக்காரர்களோடு உட்கார்ந்தாலே 'நீ எங்கே நிற்கிறாய்' என்ற கணக்கு தொடங்கிவிடுவதால் விலகி வந்தவர்கள். பிள்ளை அந்தக் கணக்கைக் கேட்பதே இல்லை. வயதையும் பார்க்க வேண்டும். 18 முதல் 25 வரையிலான காலத்தை உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000இல் தனிப் பருவமாகவே வரையறுத்தார். பிள்ளையுமில்லை, முழுப் பெரியவருமில்லை என்று தடுமாறும் பருவம். இருபத்திரண்டு வயதுக்காரரின் விளையாட்டுத்தனத்தையும் முப்பத்தைந்து வயதுக்காரரின் விளையாட்டுத்தனத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

நான் பார்த்த ஒரு ஜோடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பையனுக்கு ஒன்பது வயது. அவனுக்கு உலகத்திலேயே முக்கியமான விஷயம் லிஃப்ட். வகுப்பில் பட்டப்பெயரும் அதுதான். கூண்டு ஒரு பக்கம் ஏறும்போது மறுபக்கம் ஓர் எதிர் எடை இறங்கும், அந்த எடையைக் கூண்டின் எடையோடு அது சுமக்கக்கூடிய பாரத்தில் ஏறக்குறையப் பாதியைச் சேர்த்துக் கணக்கிடுவார்கள் என்று எனக்கே வகுப்பு எடுத்தான். அம்மாவுக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. தாய்மாமாவுக்குப் புளிக்கவில்லை. முப்பதைத் தாண்டியவர், வேலை இல்லாமல் இருந்தார். "சரிடா, கயிறு அறுந்துட்டா?" என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பையன், வேகம் கூடினால் கூண்டைத் தண்டவாளத்தோடு கவ்விப் பிடிக்கும் பிரேக் பற்றிச் சொன்னான். இருவருமாகத் தீப்பெட்டி, நூல்கண்டு, ஒரு சைக்கிள் போல்ட் வைத்து நாலு மாடி லிஃப்ட் ஒன்று செய்திருந்தார்கள். அதை அட்டைப்பெட்டியில் பத்திரமாக எடுத்து வந்து என் மேஜையில் வைத்து ஓட்டிக் காட்டினார்கள். வகுப்பாசிரியர் 'வாய் திறக்காத பையன்' என்று எழுதியனுப்பிய பிள்ளை அன்று நிறுத்தாமல் பேசினான்.

இதன் மதிப்பைக் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சிக்கல் என்று பல பாதகங்களோடு வளர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நல்லபடியாகத் தலையெடுத்தார். அவர்களிடம் காணப்பட்ட பொதுவான விஷயங்களில் ஒன்று, தன்னை அப்படியே ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவராவது அவர்களுக்கு இருந்தார் என்பது. அது பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தாத்தா பாட்டி, மாமா, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் யாராகவும் இருக்கலாம். அந்தப் பெரியவர் உத்தியோகத்தில் ஜெயித்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

அதே ஜோடி, இன்னொரு நாள், என் அறையில் செஸ் ஆடினார்கள். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா தோற்கிற நிலைக்கு வந்தார். பேச்சு நின்றது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு மேஜையில் விரலால் தாளம் போட ஆரம்பித்தார். பையனின் பார்வை பலகையை விட்டு மாமாவின் முகத்துக்குப் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு தன் ராணியை எடுத்து, மாமாவின் குதிரை வெட்டக்கூடிய கட்டத்தில் வைத்தான். "டேய், பாக்கவே இல்லையா நீ!" என்று மாமா சிரித்துக்கொண்டே வெட்டினார். இறுகியிருந்த பையனின் தோள் இறங்கியது. "இவனுக்கு எப்பவுமே கேர்லெஸ் மேடம்" என்றார் அம்மா. பின்னால் அவனிடம் தனியாகக் கேட்டபோது கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னான்: "மாமா தோத்துட்டா ரெண்டு நாள் வர மாட்டாரு."

ஒன்பது வயதில் அவன் ஒரு பெரியவரின் மனநிலையைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறான். குடும்பத்தையே சேர்த்து உட்காரவைத்துப் பேசும் குடும்பச் சிகிச்சையில் இது பழைய விஷயம்தான். பெரியவர் சுமக்க வேண்டியதைப் பிள்ளை சுமக்கும் இந்தத் தலைகீழ் மாற்றத்தைப் பற்றி போசோர்மெனி-நாஜ், ஸ்பார்க் என்ற இரு குடும்பச் சிகிச்சையாளர்கள் 1973லேயே விரிவாக எழுதிவிட்டார்கள். ஒட்டாத பிள்ளையிடம் இது இன்னும் ஆழமாகப் போவதற்கு ஒரு காரணம் உண்டு. நாலு நண்பர்கள் உள்ள பிள்ளை ஒருவரோடு சண்டை போட்டுக்கொண்டு மூன்று பேரிடம் போகலாம். இவனுக்கு இருப்பதே ஒருவர். அவரிடம் 'மாட்டேன்', 'போதும்', 'எனக்குப் பிடிக்கலை' என்று சொல்ல அவனுக்குத் தைரியம் வராது. அந்த நட்பு நல்லபடி இருக்கிறதா என்று ஒரே ஒரு சோதனையில் பார்க்கச் சொன்னால் நான் இதைத்தான் பார்ப்பேன்: பிள்ளை 'மாட்டேன்' என்று சொன்னால் அந்தப் பெரியவர் என்ன செய்கிறார்?

வேறு தடயங்களும் கண்ணில் படும். பெரியவரின் கடன், காதல் முறிவு, வீட்டுச் சண்டை எல்லாம் பிள்ளைக்கு வரி வரியாகத் தெரிந்திருக்கும். பிறந்தநாள் விழாவுக்கு யாரோ அபூர்வமாகக் கூப்பிட்டிருப்பார்கள், "மாமா தனியா இருப்பாரு" என்று பிள்ளை போகாமல் இருக்கும். அவர் செய்த தப்பை மறைக்கப் பொய் சொல்லும்.

இப்போது எல்லோருடைய மனதிலும் ஓடும் பயத்துக்கு வருகிறேன். குழந்தைத்தனமான பெரியவர் என்பதாலேயே ஒருவர் ஆபத்தானவர் ஆகிவிட மாட்டார். அப்படிச் சந்தேகித்தால் எத்தனையோ நல்ல மனிதர்களைப் பிள்ளைகளிடமிருந்து துரத்திவிடுவோம். ஆனால் "அவனே ஒரு குழந்தை மாதிரி, அவனைப் போய்..." என்ற வாக்கியம் குடும்பங்களின் கண்ணைக் கட்டிவிடுவதையும் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளைப் பாலியல் ரீதியாகச் சுரண்டுபவர்களில் பெரும்பாலோர் பிள்ளைக்குத் தெரிந்தவர்களே. தனிமையில் இருக்கும் பிள்ளையைப் பல நேரம் அவர்கள் தேடிப் பிடிக்கிறார்கள். அன்பளிப்பு, பிறகு 'நமக்குள்ள மட்டும்' என்று ஒரு சின்ன ரகசியம், பிறகு தனியாக இருக்க ஏற்பாடு, பிறகு தொடுதலில் ஒவ்வொரு எல்லையாக மீறிப் பார்ப்பது என்று மெல்ல மெல்ல நகர்வார்கள். அதனால் யாரையும் குற்றவாளியாகப் பார்க்காமல், எல்லோருக்கும் பொதுவாகவே சில வழக்கங்களை வைத்துவிடுவது நல்லது. கதவு திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம். ஃபோனில் பேசுவதும் அனுப்புவதும் பெற்றோர் பார்க்கும்படி இருக்கும். 'அம்மாகிட்ட சொல்லாதே' என்ற வார்த்தைக்கு அந்த வீட்டில் இடமில்லை. நல்ல மனமுள்ளவர் இவற்றுக்கு ஒப்புக்கொள்வார், முதலில் கொஞ்சம் முணுமுணுத்தாலும். எதிர்த்து வாதாடுபவரை, ரகசியம் கேட்டு வாங்கியவரைப் பிள்ளையோடு தனியே விடாதீர்கள். பிள்ளை ஏதாவது சொன்னால் அதிர்ச்சியைக் காட்டாமல், குறுக்கு விசாரணை செய்யாமல் கேளுங்கள், குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பிடமோ காவல்துறையிடமோ போங்கள். பல நாடுகளில் எங்களைப் போன்றவர்கள் இப்படிப்பட்ட சந்தேகத்தைத் தெரிவிக்கச் சட்டப்படியே கடமைப்பட்டவர்கள்.

ஆபத்து ஏதும் இல்லை, ஆனால் பிள்ளை சுமக்கிறது என்ற நிலையில் என்ன செய்வது? உடனே வெட்டிவிடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. பெரியவர் ஒருவரைத் தன்னார்வலராகப் பிள்ளையோடு சேர்த்துவைக்கும் அமெரிக்கத் திட்டம் ஒன்றின் தரவுகளை வைத்து கிராஸ்மேனும் ரோட்ஸும் 2002இல் வெளியிட்ட ஆய்வு எங்கள் துறையில் பலரையும் யோசிக்க வைத்தது. ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த உறவுகளில் பிள்ளைகளுக்குப் பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன உறவுகளிலோ, பிள்ளைகளின் சுயமதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு, திடீரென்று காணாமல் போகும் பெரியவர் 'உன்னை யாருக்குமே பிடிக்காது' என்பதற்கு இன்னொரு சாட்சி.

பெரியவரிடம் "கொஞ்சம் பொறுப்பா இரு" என்று சொல்லிப் பயனில்லை. அதைப் பத்து வயதிலிருந்தே கேட்டு வருகிறார். குறிப்பாகச் சொல்ல வேண்டும். அந்த மாமாவிடம் நான் கேட்டுக்கொண்டது இவ்வளவுதான்: வருகிறேன் என்று சொன்ன நாளில் வாருங்கள். முடியாவிட்டால் முந்தைய நாளே அக்காவிடம் சொல்லாமல் பையனிடமே நேரில் சொல்லுங்கள். தோற்றால் 'நீ ஜெயிச்சுட்டடா' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அடுத்த நாளும் வாருங்கள். உங்கள் கவலைகளைப் பேச வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னதற்காக அவரை என் சக ஊழியர் ஒருவரிடம் அனுப்பினேன். மற்றவற்றை, ஆச்சரியமாக, அவர் வீட்டில் யாரும் எதிர்பார்க்காத அளவுக்குச் செய்தார். பிள்ளைக்காக என்று சொன்னால் சிலருக்கு முடிகிறது.

பெற்றோருக்கும் சொல்ல இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, அந்தப் பெரியவரைப் பிள்ளையின் முன்னால் மட்டம் தட்டாதீர்கள். "மாமா மாதிரி ஆயிடாதே" என்று அவனிடம் சொல்லும்போது, உலகத்தில் அவனைப் போலவே இருக்கும் ஒரே ஆள் ஒரு தோல்வி என்று சொல்கிறீர்கள். இன்னொன்று, அவரைச் சம்பளமில்லாத ஆயாவாக்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இதைச் சொன்னால் சிலர் முகம் சுருங்கும். பரவாயில்லை.

இத்தனைக்கும் பிறகும், பெரியவரின் நட்பு சக வயது நட்பின் இடத்தை நிரப்பாது. பாக்வெல், நியூகோம், புகோவ்ஸ்கி மூவரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெரியவர்களான பிறகு மறுபடியும் பார்த்து 1998இல் எழுதிய ஆய்வில், அந்த வயதில் நெருங்கிய நட்பு இருந்தவர்களுக்குப் பின்னாளில் தன்மதிப்பு கூடுதலாக இருந்தது. அதற்கு ஊரெல்லாம் நண்பர்கள் தேவைப்படவில்லை, பரஸ்பரம் பிடித்த ஒருவர் இருந்ததே கணக்கில் வந்தது. இங்கேதான் இந்த மாமாக்களும் அக்காக்களும் பெரிதும் உதவுவார்கள். பையனும் மாமாவும் லிஃப்டை ஆறு மாடியாக்க மூன்றாவது ஒரு கை தேவை என்று முடிவு செய்து, அதே குடியிருப்பில் இருந்த, பையனைவிட ஒரு வயது சின்னவளான ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள். அவளுக்கு லிஃப்டில் ஆர்வமில்லை, பெயின்ட் அடிப்பதில்தான் ஆர்வம். முதல் நாள் மாமா எல்லாவற்றையும் தானே செய்யப் பார்த்தார். அடுத்த முறை அவரை ஜன்னல் ஓரம் உட்காரச் சொல்லி, கூப்பிட்டால் மட்டும் வரச் சொன்னோம். யாரும் தன்னைக் கூப்பிடாமல் இருந்தது அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அந்தக் கஷ்டம் பிறகும் வரும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளைக்குத் தன் கூட்டம் கிடைக்கும், பெரியவரின் ஃபோனை எடுக்க நேரமிருக்காது. பெரியவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தால் அவருக்கு அது உண்மையான இழப்பு. "இப்பல்லாம் என்னை மறந்துட்டே" என்ற குறையைப் பிள்ளையிடம் சொல்லக் கூடாது, தன் வயதுக்காரரிடமோ ஆலோசகரிடமோ சொல்லலாம் என்பதை அவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். அவர் கேட்கிற மனநிலையில் இருக்கும்போது, பிள்ளை பக்கத்தில் இல்லாத ஒரு நாளில்.