சீரியலைசபிள் என்று போட்டிருந்தால் மட்டும் போதாது

ஓஎம்ஆர் பக்கத்து ஐடி அலுவலகங்களில் பழைய டாட்நெட் பிரேம்வொர்க் அப்ளிகேஷன்களை இன்னமும் பராமரித்து வருகிறோம். அந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி, தங்கைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஒரு கிளாஸின் மேல் 'சீரியலைசபிள்' (Serializable) என்ற அட்ரிபியூட்டை, அதாவது குறிப்பை, போட்டுவிட்டால் மட்டும் அதன் ஆப்ஜெக்ட்டை செஷனில் சேமித்துவிட முடியாது.

ஏஎஸ்பி டாட்நெட்டில் செஷன் (ஒவ்வொரு பயனருக்கும் சர்வர் தனியாக வைத்திருக்கும் தகவல்) 'இன்ப்ராக்' முறையில் இருக்கும்வரை எல்லாம் மெமரியிலேயே இருக்கும். சீரியலைஸ் செய்ய, அதாவது ஆப்ஜெக்ட்டைச் சேமிக்க ஏற்ற பைட்டுகளாக மாற்ற, தேவையே இல்லை. பயனர்கள் கூடியதும் இன்னொரு சர்வரைச் சேர்த்து, செஷனை எஸ்கியூஎல் சர்வருக்கு மாற்றுவார்கள். அங்கே பைனரிஃபார்மேட்டர் என்ற டாட்நெட் கிளாஸ் ஆப்ஜெக்ட்டுகளை சீரியலைஸ் செய்யும்; அட்ரிபியூட் இல்லாத கிளாஸ் வந்தால் அப்போதுதான் எரர் வரும். சோழிங்கநல்லூரில் நான் பார்த்த ஒரு புராஜெக்ட்டில் இதை எதிர்பார்த்து, செஷனில் வைக்குமுன் அந்த டைப்பின் 'இஸ்சீரியலைசபிள்' (IsSerializable) பிராபர்ட்டி உண்மையா என்று ரன்டைமில் பார்த்திருந்தார்கள். அப்படியும் விழுந்தது.

காரணம், அந்தப் பிராபர்ட்டி அந்த ஒரு கிளாஸைப் பற்றி மட்டுமே பேசும். உள்ளே இருக்கும் ஃபீல்டுகளை எட்டிப் பார்க்காது. ஆர்டர் கிளாஸில் அட்ரிபியூட் இருக்கும், அதற்குள் இருக்கும் கஸ்டமரில் இருக்காது. லிஸ்ட் என்றால் இன்னும் மோசம்: உள்ளே எதைப் போட்டாலும் 'உண்மை' என்றே பதில் வரும். ஃபீல்டின் டைப் இன்டர்ஃபேஸாக இருந்தால் தலைகீழ், 'பொய்' என்று வரும். அதில் வந்து உட்காரும் ஆப்ஜெக்ட் சரியாகவே இருக்கலாம். அப்புறம், இந்த அட்ரிபியூட் வாரிசுக்குப் போகாது. பேஸ் கிளாஸில் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள், ஒவ்வொரு சப் கிளாஸிலும் தனியாகப் போட வேண்டும். ஈவென்ட் இருந்தால் அதில் சப்ஸ்கிரைப் செய்த ஆப்ஜெக்ட்டுகளும் கூடவே இழுபட்டு வரும்; அந்த ஃபீல்டுக்கு 'நான்சீரியலைஸ்டு' போடுங்கள்.

ரன்டைம் செக்கை நான் முதல் வடிகட்டியாக மட்டுமே எடுத்துக்கொள்வேன். செஷனுக்குள் போகும் ஒவ்வொரு கிளாஸையும் யூனிட் டெஸ்ட்டில் உண்மையாகவே சீரியலைஸ் செய்து, திரும்ப எடுத்துப் பாருங்கள். எல்லா ஃபீல்டிலும் மதிப்பு இருக்கட்டும். காலியாக (null) விட்டால் டெஸ்ட் பாஸ் ஆகிவிடும், புரொடக்‌ஷனில்தான் உடையும். எக்ஸெப்ஷன் மெசேஜிலேயே எந்த டைப் என்று பெயர் வருவதால் திருத்துவது சுலபம்.

புதிய கோடில் இந்த வழியே வேண்டாம். வெளியிலிருந்து வரும் டேட்டாவை பைனரிஃபார்மேட்டரில் பிரிப்பது ஆபத்து; அதன் வழியே வேறொருவர் உங்கள் சர்வரில் கோடை ஓட்டிவிட முடியும். டாட்நெட் 8-இல் 'இஸ்சீரியலைசபிள்' வழக்கொழிந்ததாகக் குறிக்கப்பட்டது. 2024-இல் வந்த டாட்நெட் 9-இல் பைனரிஃபார்மேட்டரைக் கூப்பிட்டாலே எக்ஸெப்ஷன்தான். ஜேசன் (JSON) வடிவத்துக்கு மாறும் டீம்கள் பழைய செக்கையும் கூடவே நீக்கிவிடுங்கள். டாட்நெட்டின் ஜேசன் லைப்ரரியான சிஸ்டம் டெக்ஸ்ட் ஜேசன் அந்த அட்ரிபியூட்டைப் பார்ப்பதே இல்லை.