ஃபயர்வாலை அணைக்கும் முன் பார்க்க வேண்டியவை

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் குமரி மாவட்டத்தில் இடி மின்னலுக்கு ரவுட்டர்கள் பழுதாவது வழக்கம். புதிய ரவுட்டர் மாட்டிய ஓரிரு நாளில் அந்த வீடுகளிலிருந்து எங்களுக்கு அழைப்பு வரும்: "இன்டர்நெட் எல்லாம் வருது, ஆனா பிரிண்டர் எடுக்கல்ல, மாடியில உள்ள கம்ப்யூட்டரும் தெரியல்ல." நாங்கள் போய்ச் சேர்வதற்குள் யாரோ சொன்னதைக் கேட்டு, கணினிக்குள் வரும் இணைப்புகளைச் சரிபார்த்துத் தடுக்கும் விண்டோஸின் ஃபயர்வாலை முழுவதுமாக அணைத்திருப்பார்கள். பிரிண்டரும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும் என்பதால் அதை மீண்டும் போட வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வருவதில்லை. என்னை மிகவும் கவலைப்படுத்துவது இந்தப் பழக்கம்தான். அணைத்துப் பார்ப்பதால் தடை எங்கிருக்கிறது என்பது தெரியவரும். பழுது அப்படியேதான் இருக்கும்.

ரவுட்டர் மாறியதும் விண்டோஸ் அந்த இணைப்பைத் தான் அறியாத புதிய நெட்வொர்க்காகக் கருதி, பெரும்பாலும் 'பப்ளிக்' என்ற வகையில் வைத்துவிடுகிறது. பேருந்து நிலையத்து வைஃபைக்கு உரிய அந்தக் கடுமையான விதிகளில், வெளியே செல்லும் இணைப்புகள் தடையின்றிப் போகும். கோப்புப் பகிர்வுக்கான 445 போன்ற போர்ட்டுகள் (ஒவ்வொரு சேவைக்கும் உரிய எண்ணிட்ட வாசல்கள்) வழியாக உள்ளே வர முயல்பவை நிறுத்தப்படும். இணையம் கிடைத்தும் பக்கத்து அறைக் கணினி கிடைக்காததற்கு இதுவே காரணம். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குச் சென்று, அந்த வீட்டு இணைப்பை மட்டும் 'பிரைவேட்' என மாற்றினால் பெரும்பாலான வீடுகளில் சிக்கல் அத்துடன் தீர்ந்துவிடும்.

தீராத இடங்களும் உண்டு. தக்கலைக்கு அருகே ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரின் வீட்டில், ரப்பர் ஷீட் விற்பனைக் கணக்கு வைத்திருக்கும் மென்பொருள் கீழ்த்தளக் கணினியில் இருந்தது. இணைப்பைப் பிரைவேட் ஆக்கிய பிறகும் மாடியிலிருந்து அதைத் திறக்க முடியவில்லை. ஃபயர்வாலின் அட்வான்ஸ்டு செக்யூரிட்டி பகுதியில் 'இன்பவுண்ட் ரூல்ஸ்' பட்டியலைத் திறந்து பார்த்தபோது, அந்த மென்பொருளின் பெயர் பச்சைக் குறியுடன் ஒரு முறையும் சிவப்புக் குறியுடன் இரண்டு முறையும் இருந்தது. மென்பொருள் முதன்முதலாக அனுமதி கேட்டபோது வீட்டில் ஒருவர் 'கேன்சல்' அழுத்தியிருந்ததால், தரவு அனுப்பும் இரு முறைகளான டிசிபிக்கு ஒன்று, யூடிபிக்கு ஒன்று என இரண்டு தடை விதிகள் தாமாகவே உருவாகியிருந்தன. அனுமதியும் தடையும் மோதினால் விண்டோஸில் தடைக்கே முன்னுரிமை என்பதால், பிறகு சேர்த்த அனுமதியால் எந்தப் பயனும் கிடைக்கவில்லை. சிவப்பு விதிகள் இரண்டையும் நீக்கியதும் மாடியில் கணக்கு திறந்தது.

விதிகளில் கை வைப்பதற்கு முன், அந்த மென்பொருள் உண்மையில் ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். கமாண்ட் பிராம்ப்ட்டில் நெட்ஸ்டாட் கட்டளையை (netstat -an) கொடுத்து, உரிய போர்ட் எண்ணுக்கு எதிரே 'லிஸனிங்' என்று வருகிறதா எனப் பார்க்கலாம். வராவிட்டால் அந்தப் போர்ட்டில் பதில் சொல்ல ஆளே இல்லை. ஃபயர்வாலில் எத்தனை விதி எழுதினாலும் இணைப்பு கிடைக்காது. தனி ஃபயர்வாலுடன் வரும் ஆன்டிவைரஸ் போட்டிருப்பவர்கள் விண்டோஸின் பட்டியலோடு அதன் பட்டியலையும் பார்க்க வேண்டும். பிங் செய்து (சோதனைச் செய்தி அனுப்பி) பதில் வராததை மட்டும் வைத்து எதிர்க்கணினி இணைப்பில் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. பிங்கையும் ஃபயர்வால் தடுக்கும்.

நம் மாவட்டத்தில் பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் இருக்கும் வீடுகள் ஏராளம். அங்கிருந்தபடியே வீட்டுக் கேமராவைப் பார்ப்பதற்காக, பொருத்த வந்தவர் கணினியின் ஃபயர்வாலையும் அணைத்துவிட்டுப் போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கேமரா பதிவுப் பெட்டி ரவுட்டரோடு நேரடியாக இணைந்த தனிக் கருவி. கணினியின் ஃபயர்வாலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. வெளியிலிருந்து வரும் இணைப்பைப் பதிவுப் பெட்டிக்கு அனுப்பும்படி ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்தும் இணைப்பு கிடைக்காவிட்டால், ரவுட்டருக்கு வெளிப்புறமாகக் கிடைத்திருக்கும் ஐபி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், பல வீடுகளுக்குப் பொதுவான முகவரியின் பின்னால் நீங்கள் இருக்கிறீர்கள் என்று பொருள். இணைய நிறுவனத்திடம் தனி முகவரி கேட்க வேண்டும் அல்லது கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்க்க வேண்டும். போர்ட்டைத் திறந்தே தீர வேண்டுமென்றால், பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல், மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்டே கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் கைப்பற்றியது.

வீட்டில் ரவுட்டர் இருக்கும்வரை வெளியாள் நேராக உள்ளே வர முடியாது என்பது ஓரளவு உண்மைதான். ஆனால் ஃபயர்வால் அணைக்கப்பட்ட மடிக்கணினியை எடுத்துக்கொண்டு பிள்ளை கல்லூரி விடுதிக்குப் போகும்போது, அங்குள்ள வைஃபையில் இணைந்திருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் அது திறந்தே கிடக்கும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் இதே 445ஆம் போர்ட் வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது.

புதிய அனுமதி விதி எழுதும்போது, அதைப் பிரைவேட் வகைக்கு மட்டும் கொடுத்து, 'ஸ்கோப்' பகுதியில் 'லோக்கல் சப்நெட்' (வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டும்) என வரையறுத்துவிடுங்கள். எந்த விதி எதற்கு என்றே தெரியாத அளவுக்குப் பட்டியல் குழம்பிப்போயிருந்தால், இருப்பதை 'எக்ஸ்போர்ட் பாலிசி' மூலம் ஒரு கோப்பாகச் சேமித்துக்கொண்டு, பிறகு 'ரீஸ்டோர் டிஃபால்ட்ஸ்' கொடுக்கலாம். அதன்பின் சில மென்பொருள்கள் மீண்டும் அனுமதி கேட்கும். அப்போது பெயரைப் படித்துப் பார்த்து, தெரிந்த மென்பொருளுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.