தமிழ்ப் பக்கத்தை இளைக்க வைக்கும் மாட்யூல்

'அம்மா' என்பது திரையில் மூன்றெழுத்து. கணினிக்குள் அது ஐந்து குறியீடு: அ, ம, புள்ளி, ம, கால். குறியீடுகளை பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் குறியீடு ஒன்றுக்கு 3 பைட் வீதம் மொத்தம் 15 பைட். இதில் முதல் பைட் தமிழ் முழுவதற்கும் ஒன்றே. இரண்டாவது பைட்டுக்கு இருப்பது இரண்டே மதிப்புகள். இப்படித் திரும்பத் திரும்ப வருவதைத்தான் சுருக்கும் மாட்யூல்கள் (சர்வரில் சேர்க்கும் துணை நிரல்கள்) விழுங்குகின்றன.

இணையப் பக்கங்களை அனுப்பும் மென்பொருளான அப்பாச்சி சர்வரில் பழைய மாட்யூல் டிஃப்ளேட். ஜிசிப் முறையில் சுருக்கும். திரும்ப வருவதைக் கண்டுபிடிக்க, முன்பு வந்த 32 கேபி வரைதான் திரும்பிப் பார்க்கும். அப்பாச்சி 2.4.26 பதிப்பில் சேர்ந்த பிராட்லி 16 எம்பி வரை பார்க்கக்கூடியது. அதற்குள் சுமார் 120 கேபி அளவில் ஓர் அகராதியும் உண்டு. அதில் இந்தி, அரபிச் சொற்கள் இருக்கின்றன, தமிழ் இல்லை! ஆனால் எச்டிஎம்எல் துண்டுகளும் அதில் இருப்பதால் நமக்கும் ஆதாயம்தான்.

உபுண்டுவில் பிராட்லி அப்பாச்சியோடு சேர்ந்தே வருகிறது. டெர்மினலில் 'சூடோ ஏ2என்மாட் பிராட்லி' (sudo a2enmod brotli) என்று கொடுத்தால் இயங்கத் தயார். ஆனால் எந்த வகைக் கோப்புகளைச் சுருக்குவது என்றும் அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், ஜேசான், எஸ்விஜி போதும். அதே கோப்பில், சுருக்கும் வடிகட்டிகளின் வரிசையில் பிராட்லி முதலில், டிஃப்ளேட் அடுத்து: பிராட்லி தெரியாத பிரவுசருக்கு ஜிசிப் போகும். எழுதியதைச் சோதித்துவிட்டு அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஜேபெக் படங்களையும் வோஃப்2 எழுத்துருக்களையும் சேர்க்காதீர்கள். அவை ஏற்கெனவே சுருங்கியவை. சிபியு சூடாவதுதான் மிச்சம். சுருக்க அளவு 0 முதல் 11 வரை. கேட்கும்போதே உருவாகும் பக்கங்களுக்கு இயல்பான 5 போதும். அங்கே 11 வைத்தால், சுருக்கி முடிக்கும் வரை வாசகர் காத்திருக்க நேரும். மாறாத கோப்புகளை 11-இல் முன்கூட்டியே சுருக்கி வைத்துக்கொள்ளலாம்.

பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பதில் ஹெடரில் கன்டென்ட்-என்கோடிங் 'பிஆர்' என்று வருகிறதா பாருங்கள். வரவில்லையென்றால், தளம் எச்டிடிபிஎஸ்-இல் இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். சாதா எச்டிடிபியில் பிரவுசர்கள் பிராட்லியைக் கேட்பதே இல்லை. சிஎஸ்எஸ்-க்கு 'பிஆர்' வந்து, பக்கத்துக்கு மட்டும் 'ஜிசிப்' வந்தால் பக்கத்தை உருவாக்கும் நிரல்மொழியான பிஹெச்பி-யின் சொந்தச் சுருக்கம் ஆன் ஆகியிருக்கும். ஒருமுறை சுருங்கியதைப் பிராட்லி தொடாது. பிஹெச்பி-யில் அதை அணைத்துவிடுங்கள்.