'அந்த மாதிரி' என்றால் எந்த மாதிரி?

"டாக்டர், பையன் அந்த மாதிரி." பெற்றோரிடமிருந்து அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. கையில் இருக்கும் சீட்டில் 'ஹோமோசெக்சுவல், ஹார்மோன் பார்க்கப்பட்டது, ஆலோசனை தரவும்' என்று ஒரு மருத்துவரே எழுதியிருப்பார். டெஸ்டோஸ்டிரோன் நார்மல், தைராய்டு நார்மல். சிலர் மூளை ஸ்கேன் வரை எடுத்துவிட்டு வருகிறார்கள். தனியே உட்காரவைத்துப் பேசினால், அந்தப் 'பையன்' யார்மீதும் ஆசை என்று வாய் திறக்கவே இல்லை. "நான் பொண்ணும்மா" என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறார். அடுத்த டோக்கன் நேர் எதிர். ஆண்களை விரும்பும் ஆண். அவருக்குப் பெண்ணாக மாறும் எண்ணம் துளியும் கிடையாது. அவருடைய அம்மா அழுதுகொண்டே ஆபரேஷன் செலவு கேட்கிறார். ஒரே மாதத்தில் எத்தனை தடவைதான் இதையே விளக்குவது?

இங்கே கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. பிறந்தபோது உடல் எப்படி இருந்தது? தன்னை யாராக உணர்கிறார்? யார்மீது ஈர்ப்பு? ஒன்றின் விடையை வைத்து இன்னொன்றைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆண் என்று பதியப்பட்டுப் பிறந்த பெண், திருநங்கை. பெண் என்று பதியப்பட்டுப் பிறந்த ஆண், திருநம்பி. இருவரையும், இரண்டுக்குள்ளும் அடங்காதவர்களையும் சேர்த்துத் திருநர் என்கிறோம். அறுவை சிகிச்சை செய்தால்தான் இந்தப் பெயர் என்பதில்லை. தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமைக்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 தீர்ப்பிலேயே சொல்லிவிட்டது. யாரோடு வாழ ஆசைப்படுகிறார் என்பதை இந்தச் சொற்களில் தேடாதீர்கள். அதற்குத் தன்பாலீர்ப்பு, எதிர்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு என்று வேறு சொற்கள் இருக்கின்றன. பாலீர்ப்பே இல்லாதவர்களும் உண்டு. கல்யாணம் ஆனால் சரியாகும் என்று அவர்களைத்தான் அதிகம் படுத்துகிறோம்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு திருநங்கைக்கு ஆண்மீது ஈர்ப்பு என்றால் அது எதிர்பாலீர்ப்பு. பெண்மீது என்றால் தன்பாலீர்ப்பு. ஆண்களை விரும்பும் திருநம்பியும் தன்பாலீர்ப்பாளர்தான். அடையாளத்திலிருந்து தொடங்கினால் கணக்குத் தப்பாது. பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவதால்தான் எல்லாம் குழம்புகிறது.

'ஓரினச்சேர்க்கை' என்ற சொல்லையும் தயவுசெய்து விடுங்கள். சேர்க்கை ஒரு செயல். யாரையும் தொட்டே பார்க்காத பதினாறு வயதுக்காரருக்கும் ஈர்ப்பு உண்டு. அவர்மீது ஒரு செயலின் பெயரை ஒட்டுகிறோம். தமிழில் வேறு சொல் இல்லை என்ற சாக்கும் செல்லாது. சென்னை உயர் நீதிமன்ற வழக்கையடுத்து, தமிழ்நாடு அரசே 2022இல் ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டிருக்கிறது.

ஈர்ப்பு ரத்தத்தில் தெரியாது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் ஆசை கூடலாம், ஆசையின் திசை மாறாது. விந்தணு உற்பத்தி அடங்கிப்போவதுதான் மிச்சம். தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலும் உலக சுகாதார நிறுவனம் 1990இலும் எடுத்துவிட்டன. 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று சிகிச்சை கொடுப்பதைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் தொழில்முறை ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. சக மருத்துவர்களே, பேச்சு உங்கள் பதிவு எண்ணைப் பற்றியது.

மூன்றாவது குழப்பம் ஊடுபால். ஆண், பெண் என்ற வழக்கமான அமைப்புக்குள் அடங்காத பிறவி உடலமைப்பு இது. திருநரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். பிறந்த குழந்தையின் உறுப்பு தெளிவாக இல்லையென்றால், ஆணா பெண்ணா என்று முடிவு செய்ய எல்லோரும் பறக்கிறார்கள். பறக்கவேண்டியது உப்புக்காக. சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியின் பிறவிக் கோளாறாக இருந்தால் இரண்டாம் வாரத்தையொட்டி வாந்தி வரலாம், பால் குடிக்காமல் போகலாம். சோடியம் இறங்கிப் பொட்டாசியம் ஏறி, உயிரே போகலாம். 17-ஓஹெச் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவையும் ரத்தத்தில் உப்புகளின் அளவையும் உடனே பாருங்கள். உறுப்பைத் 'திருத்தும்' அறுவைக்கு எந்த அவசரமும் இல்லை. 2019இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தீர்ப்புக்குப் பிறகு, உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய அதைச் செய்யக் கூடாது என்று தமிழ்நாட்டில் அரசாணையே இருக்கிறது. அதேபோல, மார்பு வளர்ந்தும் பதினாறு வயதுவரை மாதவிடாய் வராத பெண்ணின் குரோமோசோம் பரிசோதனையில் எக்ஸ்-ஒய் என்று வந்தால், "உங்க பொண்ணு ஆம்பள" என்று வராந்தாவில் நின்று சொல்லாதீர்கள். தன்னைப் பெண்ணாகவே அறிந்து வளர்ந்தவர் அவர். ஒரு ரிப்போர்ட் அவரை ஆணாக்கிவிடாது.

திருநங்கைகளுக்கு ஒன்று. மெடிக்கல் ஷாப்பில் கருத்தடை மாத்திரையை வாங்கி இரண்டும் மூன்றுமாக விழுங்காதீர்கள். அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் காலில் ரத்தத்தை உறையவைக்கலாம். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ நேரே அவசரப் பிரிவுக்கு. திருநம்பிகள் மார்பை கிரேப் பேண்டேஜால் இறுக்கக் கூடாது. நெஞ்சுக்கூடு விரியாது, விலா எலும்பு வலிக்கும். மார்பைத் தட்டையாக்கும் உள்ளாடையான பைண்டர் அணிந்தாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், தூங்கும்போது கூடவே கூடாது. டெஸ்டோஸ்டிரோன் எடுத்து மாதவிடாய் நின்றாலும் கர்ப்பம் தரிக்கலாம். கருப்பைவாய் இருக்கிறவரை அதற்கான புற்றுநோய்ப் பரிசோதனையும் வேண்டும். 'ஆண்' என்று பதிந்தால் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை என்று லேபில் திருப்பி அனுப்புவது அந்தக் கம்ப்யூட்டரின் குறை.

பெற்றோருக்கு ஒரே வேண்டுகோள். பிள்ளை உங்களிடம் சொன்னது உங்களுக்கு மட்டும். சித்தப்பாவையும் ஜோசியரையும் கூட்டிவந்து பஞ்சாயத்து வைக்காதீர்கள். "உன்னை எப்படிக் கூப்பிடணும்?" என்று முதலில் கேளுங்கள்.

சீட்டு எழுதும் மருத்துவர்கள் நோயறிதல் எதையும் எழுதவேண்டாம். வந்தவர் சொன்னதை மேற்கோளுக்குள் அப்படியே எழுதுங்கள். 'நான் பொண்ணு' என்றாரா, 'எனக்குப் பசங்களைத்தான் பிடிக்குது' என்றாரா? அந்த ஒரு வரி போதும். வழியில் எங்கேயும் ரத்தம் எடுக்காதீர்கள்.