பக்கத்து அறையில் முன்பே விழுந்த விக்கெட்

காங்கேயம் பக்கத்தில் ஒரு தோட்டத்துச் சாளை. உள்ளே அப்பாரு டி.டி.எச். இணைப்புள்ள டிவியில் ஐ.பி.எல். ஆட்டம் பார்க்கிறார்; திண்ணையில் பேரன் அதே ஆட்டத்தைக் கைப்பேசியில் பார்க்கிறான். பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்கும் முன்பே உள்ளிருந்து குரல் வந்துவிடுகிறது.

"என்னங்க அப்பாரு, முன்னாடியே சொல்லிப்போட்டீங்க?"

"இங்க அப்பவே அவுட்டு, கண்ணு."

தொலைவை மட்டும் பார்த்தால் டிவிதான் பிந்த வேண்டும். டி.டி.எச். காட்சியை வீட்டுக்கு அனுப்பும் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. ஆனால் போக வர 72,000 கி.மீ. தொலைவை வானலை கால் வினாடியில் கடந்துவிடுவதால், காட்சியைச் சுருக்கி அனுப்பும் நேரத்தையும் சேர்த்துச் சில வினாடிகளே தாமதமாகின்றன.

இணையவழி ஒளிபரப்பில் காட்சி ஓடையாக வருவதில்லை. ஆறு வினாடி அளவுள்ள துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் மங்கலிலிருந்து மிகத் தெளிவு வரை பல தரங்களில் தயாராகிறது. ஆறு வினாடித் துண்டு முழுமையடைய ஆறு வினாடி கழிய வேண்டும் என்பதால், நறுக்கும் இடத்திலேயே தாமதம் பிறந்துவிடுகிறது. போதாததற்கு, செயலி பெரும்பாலும் இரண்டு மூன்று துண்டுகளைக் கையிருப்பில் வைத்துக்கொண்டுதான் படத்தை ஓட்டுகிறது.

அந்தக் கையிருப்பு ஏன் என்பதைச் சொட்டுநீர் போட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மும்முனை மின்சாரம் வரும்போது மோட்டாரை ஓட்டித் தொட்டியை நிரப்பிக்கொள்கிறோம். பயிருக்கோ தொட்டியிலிருந்து சீராகப் போகிறது. இணையமும் விட்டு விட்டு வருவதுதான். தொட்டி மட்டம் இறங்குவதைக் கண்டால் செயலி அடுத்த துண்டை மங்கலான தரத்தில் கேட்டு வாங்குகிறது. ஆட்டக்காரரின் முகம் திடீரென்று கலங்கிப்போவது அதனால்தான். தொட்டி வறண்டால் சுழலும் வட்டம். ஆப்பிள் நிறுவனம் 2009இல் கொண்டுவந்த எச்.எல்.எஸ். என்னும் இணைய ஒளிபரப்பு முறை இவ்வாறுதான் இயங்குகிறது.

செயற்கைக்கோளுக்குப் பத்து வீடும் ஒன்றுதான், பத்துக் கோடி வீடும் ஒன்றுதான். இணையத்திலோ ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பியாக வேண்டும். 2023 நவம்பர் 19 அன்று நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். ஆளுக்கு வினாடிக்கு 20 லட்சம் பிட் என்று வைத்துக்கொண்டால்கூட 118 லட்சம் கோடி பிட் ஆகிறது. ஒரே இடத்திலிருந்து இதை இறைக்க முடியாது. ஆகவே துண்டுகளின் நகல்கள் இணையச் சேவை நிறுவனங்களின் வலையமைப்புக்குள்ளேயே, பார்ப்பவர்களுக்கு அருகிலுள்ள சர்வர்களில் வைக்கப்படுகின்றன.

இத்தனை சிரமப்படும் முறைக்கு மக்கள் ஏன் மாறினார்கள்? 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானது ஒரு காரணம். ஆனால் நேரம் நம் கைக்கு வந்ததே பெரிய காரணம் என்பேன். சோமனூரில் இரவு ஷிப்டு தறி ஓட்டுபவர் ஒன்பது மணித் தொடரை முன்பெல்லாம் வீட்டார் சொல்லக் கேட்பார். இன்று விடிந்து வந்து தானே பார்க்கிறார். அது ஏற்கெனவே முடிந்த தொடர் என்பதால் தொட்டியை வேண்டிய மட்டும் முன்கூட்டி நிரப்பலாம். நேரலையில் இன்னும் நடக்காததை நிரப்ப முடியாதே.

கோடை மழை அடித்துப் பெய்யும்போது மட்டும் நிலைமை மாறிவிடும். டி.டி.எச். அலையின் நீளம் இரண்டரை செ.மீ. அளவே என்பதால் கனத்த மழைத்துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன; திரை கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோகிறது. அப்போது அப்பாரு நாற்காலியைத் திண்ணைக்கு இழுத்துப் போட்டுக்கொள்கிறார், தாம் ஏற்கெனவே பார்த்துவிட்ட பந்தை இன்னொரு முறை பார்க்க.